வீட்டுக்கு ஒரு பல்பு

கொடியிலிருந்து எடுத்த துணியை முகர்ந்து பார்க்காமல் ஜீவராணி அக்கா மடிப்பதில்லை. "சோப்பு வாசந்தானே அக்கா வரும்?" என்று கேட்டால், "வரணும். அதுக்குத்தான் பாக்குறேன்" என்பார்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தின் கடைசி வீடு அவருடையது. தொண்ணூற்றொன்றில், வளைகுடாப் போர் ஓய்ந்த கையோடு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். அப்போது அங்கே எண்ணெய்க் கிணறுகள் எரிந்துகொண்டிருந்தன. "பகல்லயே லைட்டு போடணும் புள்ள. வெள்ளைத் துணி காயப்போட்டா கரி பூத்துக் கெடக்கும்." அதைவிட அவர் மறக்காதது, மணலில் தேங்கி நின்ற எண்ணெய்க் குட்டைகள். "குருவிங்க தண்ணின்னு நெனச்சு எறங்கும். அப்பறம் எங்க எந்திரிக்கிறது?"

ஓடைத் தண்ணீரில் சுழன்று எங்களுக்கு மின்சாரம் தரும் சின்ன எந்திரத்துக்கு இன்று அவர்தான் காவல். கொழுந்தெடுக்கப் போகுமுன் குழாய் வாயில் இருக்கும் கம்பிவலையில் சிக்கிய இலைகளை வழித்தெடுப்பார். இருபது வீடு, வீட்டுக்கு ஒரு பல்பு. அதற்குமேல் தாங்காது. யாராவது இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் எல்லாப் பல்பும் சிவந்து சுருங்கும். "யாரு வீட்டுக்குடி மாப்பிள்ளை வர்றாரு?" என்று அக்கா வாசலில் நின்று கத்துவார். உடனே வெளிச்சம் திரும்பிவிடும்.

இந்த ஆவணியில் ஓடை மெலிந்தது. டீசல் எஞ்சின் கேட்டு மனு எழுதச் சொன்னான் லயத்து இளைஞன் கஜேந்திரன். லயத்தின் முதல் பட்டதாரி என்ற பெருமையில் எழுதிக் கொடுத்தேன். எஞ்சின் வைக்கச் சமதரை, குடிதண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலேதான் இருந்தது. நான்கு வருடம் புவியியல் படித்தவளுக்கு அது உறைக்கவில்லை.

விளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில், கையெழுத்து வாங்க அக்காவின் வாசலில் கூடினோம்.

"டீசல் சிந்துனா எங்க தம்பி போகும்?" என்றார்.

"சிந்தாம பாத்துக்குவோம்க்கா. ஒங்க ஓடை தூங்குது. நாங்க மேட்ச் பாக்க வேணாமா?" என்றான் கஜேந்திரன்.

"குவைத்துலயும் இப்படித்தான் சொல்லியிருப்பாங்க. மழை வர்ற வரைக்கும் பாதி லயம் இன்னைக்கு, மீதி லயம் நாளைக்கு எரிப்போம். அப்பவும் பத்தலேன்னா மொதக் கையெழுத்து என்னுது."

"மொத நாளு யாரு இருட்டுல கெடக்குறது?" என்றார் பக்கத்து வீட்டு நல்லம்மா. மனுவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

அக்கா எழுந்து உள்ளே போனார். ஸ்டூலில் ஏறி, சேலைத் தலைப்பால் பல்பைப் பிடித்துத் திருகிக் கழற்றினார். நல்லம்மா வீட்டுப் பல்பு ஒரு துளி கூடுதலாக ஒளிர்ந்தது. கழற்றியதை அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு, மங்கலில் கொடியைத் தடவித் துணிகளை எடுத்தார். ஒவ்வொன்றாக முகர்ந்து, மடிக்கத் தொடங்கினார்.