எம்புட்டு தூரம்?

போன வருடம் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த வாரம். சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க வெளியூர்ச் சொந்தக்காரர்கள். எங்கள் வீட்டில் மட்டும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவும் தங்கச்சியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் தொடங்கி எல்லாமே கடைசியில் என்னிடம்தான் வரும். இதுவும் வந்தது. அம்மா அனுப்பவில்லை, தங்கச்சியே வந்து சொன்னாள்.

அவள் கல்லூரி டீமில் கபடி ஆடுகிறவள். மாதவிடாய் நாளில் மேட்ச் வந்ததால், கூட ஆடும் பெண் கொடுத்த டாம்பனை வைத்திருக்கிறாள். பஞ்சை விரல் அளவுக்கு இறுக்கி, நூல் கோத்து, பெண்ணுறுப்புக்குள் வைத்துக்கொள்கிற பொருள் அது. நூலைப் பிடித்து இழுத்தால் வந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் நூலையே காணோம்.

"வயித்துக்குள்ள போயிருக்குமோண்ணே?" என்று கேட்டாள்.

அம்மாவுக்குக் கவலை வேறு. "ஏலே, ஒனக்கு எதுக்குலே இந்தப் பேச்சு? தபசு முடியட்டும், திருநெல்வேலில நம்மளத் தெரியாத ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். கல்யாணம் ஆவாத பிள்ள உள்ள எதையோ வச்சிருக்கான்னு தெரிஞ்சா எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

போனில் தேடினேன். ரொம்ப நேரம் உள்ளேயே கிடந்தால், அபூர்வமாக, ரத்தத்தில் விஷம் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று போட்டிருந்தது. "தபசு முடியுத வரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்காதும்மா" என்று சொல்லிவிட்டு, தங்கச்சியை ஏற்றிக்கொண்டு பைக்கை எடுத்தேன். தெருமுனை திரும்பும்வரை அம்மா திட்டுவது கேட்டது.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் இடத்தில் நல்ல கூட்டம். வீராப்பாக வந்த எனக்கு அங்கே நாக்கு எழவில்லை. எங்கள் பக்கம் மாதவிடாய்க்குத் 'தூரம்' என்று ஒரு பூசி மெழுகிய சொல் உண்டு. அதுதான் வாயில் வந்தது.

"அண்ணாச்சி, தங்கச்சி தூரம்... அதுல கொஞ்சம் கஷ்டம்" என்று சீட்டு எழுதுகிறவரிடம் முனகினேன்.

"எம்புட்டு தூரம்? தபசுக்கு வந்த பிள்ளையா? இந்தக் கூட்டத்துல பஸ்ல அலைஞ்சா கிறுகிறுன்னுதான் வரும்" என்றவர், சீட்டில் 'தலைசுற்றல்' என்று எழுதி, பொது வரிசையைக் காட்டினார்.

தங்கச்சி சீட்டைப் பார்த்தாள். "நல்லா சொன்ன போ. குளுக்கோஸ் ஏத்தி அனுப்பிருவாங்க."

சுரீரென்றது. திரும்பப் போய் நின்றேன். "அண்ணாச்சி, தலைசுத்தல் இல்ல. மாதவிடாய்க்கு வச்ச பஞ்சு உள்ள மாட்டிக்கிட்டு. பொம்பள டாக்டர் உடனே பாக்கணும்."

வரிசை முழுக்கத் திரும்பியது. ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்தார். "ஆம்பளப் பய சத்தம் போட்டுச் சொல்லுத விசயமாவே இது?"

"மெதுவாத்தான் மொதல்ல சொன்னேன் அண்ணாச்சி. தலைசுத்தலுக்குச் சீட்டு கெடச்சுது."

டாக்டர் அறை வாசலில் நின்ற உதவியாளப் பெண்மணி, தங்கச்சியை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "கல்யாணம் ஆயிட்டா?"

நான் வாயைத் திறக்குமுன் தங்கச்சி முந்திக்கொண்டாள். "கல்யாணம் ஆவல. கபடி ஆடுதேன். டாக்டர் உள்ள இருக்காங்களா இல்லையா?"

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் சிரித்துக்கொண்டே வழிவிட்டாள். "நீ மொதல்ல போ மக்கா."

கொஞ்ச நேரத்திலேயே எடுத்துவிட்டார்கள். டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். "அது வயித்துக்குள்ள எல்லாம் போகாது, கர்ப்பப்பை வாய் விடாது. ஆனா கைக்குச் சிக்கலைன்னா நகத்தாலயோ வேற எதாலயோ தோண்டாம இங்க வந்துரணும். எட்டு மணி நேரத்துக்கு மேல ஒண்ணையே வச்சிருக்கக் கூடாது. காய்ச்சல், வாந்தி, உடம்புல சிவப்பாத் தடிப்பு வந்தா உடனே வாங்க. கல்யாணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு வீட்ல சொல்லுங்க."

சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தெரிஞ்சவங்க யாரும் பாத்தாங்களா?"

"வரிசையே பாத்துச்சு" என்றாள் தங்கச்சி, சோற்றைப் பிசைந்தபடி.

சொந்தக்காரர்களில் சிலர் இன்றைக்கும் என்னை வெட்கம் கெட்ட பயல் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்களுடைய கூச்சத்துக்காக என் தங்கச்சி காய்ச்சலில் கிடக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு தடவை முனகியது போதும், இனி எந்த வரிசையிலும் நான் முனகப்போவதில்லை.