போர்கில்டின் தக்கை

தொர்டிஸுக்கு ஒரு சக்களத்தி உண்டு என்பது எங்கள் படகுத்துறையில் எல்லோருக்கும் தெரியும். அவள் பெயர் போர்கில்ட். இருபத்திரண்டு அடி நீளம், பைன் மர உடம்பு, வயிற்றுக்குள் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். அவள் புருஷன் ஸ்வைனுங் அந்தப் படகை வாங்கியபோதே அந்தப் பெயர் அதன் முதுகில் எழுதியிருந்தது. படகின் பெயரை மாற்றினால் ஆகாது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். அதனால் கல்யாணம் ஆன வசந்தத்திலிருந்து தொர்டிஸ், "உன் போர்கில்ட் எப்படி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள்.

ஸ்வைனுங் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தொர்டிஸ் இன்னும் அடுமனையில் ரொட்டி சுடுகிறாள். ஸ்வைனுங்கைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் இதைச் சொல்ல வேண்டும்: மற்றவர்கள் திருடுவது போல அவர் உதவி செய்வார். குளிர்காலத்தில் நீங்கள் கண் விழித்து வெளியே வந்தால் உங்கள் வாசல் பனி வழித்துச் சுத்தமாக இருக்கும். அவர் மண்வெட்டியில் ஈரம் இன்னும் காய்ந்திருக்காது. போய்க் கேட்டால், "காத்து அடிச்சிருக்கும்" என்பார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் ஊரே அப்படித்தான். செய்த உதவியை யாராவது பார்த்துவிட்டால், கோவணத்தோடு பார்த்துவிட்ட மாதிரி கூசிப் போவோம்.

படகுத்துறைக்கு ஒரு சட்டம் உண்டு. போட்டவர் ஸ்வைனுங்தான். ஒரு ஆண்டு யாரோ ஒருவரின் படகில் மழைத் தண்ணீர் நின்று, உறைந்து, பலகைகளைப் பிளந்துவிட்டது. அன்றிலிருந்து, கரையில் ஏற்றி வைத்த எந்தப் படகில் தண்ணீர் நின்றாலும், அந்த வழியாகப் போகிறவர் அடித்தக்கையைப் பிடுங்கித் தண்ணீரை வடிய விட வேண்டும். தக்கையை இருக்கைப் பலகை மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். யார் படகு என்று கேட்கக் கூடாது, பிறகு சொல்லிக் காட்டவும் கூடாது. படகுச் சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர் சாவி வாங்குவதற்கு முன் இந்தச் சட்டத்தைத்தான் ஸ்வைனுங் வாயால் கேட்பார்.

இவ்வளவு நல்ல மனிதருக்கு ஒரே ஒரு குறை, வேலையை முடிக்கத் தெரியாது. ஈஸ்டருக்குத் தார்ப்பாயை விலக்குவார். அதற்குப் பிறகு, கெட்டுப் போகாததை எல்லாம் கழற்றுவார். நாங்கள் எல்லோரும் மீன் பிடித்துச் சலித்து, நடுக்கோடை நெருப்பு மூட்டும் நாளில்தான் போர்கில்ட் தண்ணீர் தொடுவாள். தொர்டிஸ் இதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் இந்த ஆண்டு எஞ்சினின் டீசல் தெளிக்கும் ஊசியை அவர் கரண்டிகளோடு போட்டு வைத்துவிட, அவள் அதை எடுத்துக் காபி கலக்கிவிட்டாள். அதே வாரம், பேரிங்கைச் சூடாக்குவதற்காக அவர் அடுப்புக்குள் வைத்திருந்தது தெரியாமல் அவள் கேக்கையும் உள்ளே தள்ளினாள். டீசல் மணக்கும் கேக்கைச் சங்கக் கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் தின்றோம். நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னோம்.

கோபத்தில் அவள் அந்தக் கூட்டத்திலேயே, குழந்தைகள் பள்ளி நடத்தும் சில்யேயிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"மே பதினேழு, தேசிய நாளன்னிக்கு, பிள்ளைங்க ஊர்வலம் கலையறதுக்குள்ள அந்தப் படகு தன் எஞ்சின்ல ஓடி ஊர்த்துறைக்கு வரணும். வரலைன்னா நீ எடுத்துக்க. பக்கவாட்டுல வெட்டி மண்ணைக் கொட்டு. பிள்ளைங்க விளையாடட்டும்."

"நெசமாவா தொர்டிஸ்?"

"நான் என்னிக்கு வெளையாட்டுக்குச் சொன்னேன்?"

சில்யே மறுநாளே அளவுநாடாவோடு வந்து போர்கில்டை நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்துகொண்டு போனாள். ஸ்வைனுங் பக்கத்தில் நின்று பார்த்தார். கன்றுக்குட்டியைக் கசாப்புக்காரன் தடவிப் பார்க்கும்போது நிற்பவர் மாதிரி நின்றார். தொர்டிஸ் முகமும் அன்று வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் கூட்டத்தில் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்குவது என்பது கிடையாது.

அதற்குப் பிறகு ஸ்வைனுங் வேலை செய்த வேகத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பழைய எண்ணெயை வடித்தார், புதியதை ஊற்றினார். டீசல் வடிகட்டியை மாற்றினார், குழாயிலிருந்து காற்றை வெளியேற்றினார். எஞ்சினைக் குளிரவைக்கும் குழாய்களில் குளிரில் உறையாமலிருக்க ஊற்றி வைத்த மருந்தைக் கழுவினார். படகைத் தள்ளும் விசிறியின் தண்டுக்குக் கிரீஸ் பூசினார். அடிவயிற்றுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தார்.

மிச்சம் இருந்தது பலகைகள். குளிர்காலம் முழுக்கக் காய்ந்த மரம் சுருங்கிப் போய், இடுக்குகளில் வெளிச்சம் தெரிந்தது. மரப்படகு தண்ணீர் குடித்து ஊதினால்தான் இடுக்கு மூடும். மற்ற ஆண்டுகளில் கடலில் இறக்கி, கயிற்றில் தொங்கவிட்டு ஒரு வாரம் குடிக்க விடுவார். இந்த ஆண்டு அதற்கு நாள் இல்லை. அதனால் கரையில் இருக்கும்போதே தினமும் மாலையில் கடல் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து, எஞ்சினுக்குக் கீழே நிற்கும் அளவுக்குப் படகுக்குள் ஊற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் உள்ளே எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கும். தக்கை இருக்கைப் பலகை மேல் இருக்கும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பக்கத்தில் என் படகைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். என் படகு பிளாஸ்டிக். அதனால் என்னை அவர் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"ஏம்ப்பா, உன் தயிர் டப்பாவைக் கொஞ்சம் விட்டுட்டு இங்க வா. உன்னை ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஸ்வைனுங்."

"என் தக்கையை யாரோ புடுங்குறாங்க. நீ இல்ல. உனக்கு அந்த அளவுக்கு மூளை கிடையாது."

"ரொம்ப நன்றி. அப்ப யாரா இருக்கும்?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "மண்ணு கொட்டணும்னு யாருக்கு ஆசை?" என்றார்.

"தொர்டிஸா? சேச்சே."

"நாப்பது வருஷமா அவளுக்கு இவ மேல காண்டு." குரல் இறங்கியது. "இதுல இந்தப் பாறைப் பக்கம் பெயின்ட் வேற காயவே மாட்டேங்குது. ரெண்டு தடவை அடிச்சாச்சு. பாரு, கொப்புளம் கொப்புளமா நிக்குது. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

இடது பக்கம் பாறையை ஒட்டி இருந்தது, வெயில் படாது. ஈரக் காற்றாக இருக்கும் என்றேன். பிளாஸ்டிக்காரன் பேச்சை அவர் காதில் வாங்கவில்லை.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்து, அன்று மாலை படகுக்குள்ளேயே முன்பக்க இருக்கையில் தார்ப்பாயை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். எங்கள் மே மாத மாலை முடியவே முடியாது. வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும். கிழவர் நாள் முழுக்க வாளி சுமந்தவர். தூங்கிப் போனார். கண் விழித்தபோது படகில் தண்ணீர் காலி, தக்கை இருக்கை மேல், அவர் மேலே ஒரு கம்பளிப் போர்வை. சாம்பல் நிறம், எல்லோர் வீட்டிலும் இருக்கும் வகை.

"பாத்தியா?" என்று போர்வையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். "புருஷன் தூங்கறப்ப தக்கையைப் புடுங்கிட்டுப் போர்வையும் போத்திட்டுப் போக ஒருத்தியால்தான் முடியும்."

"நேராக் கேட்டுர வேண்டியதுதானே?"

"கேக்குறதா?" என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

கேட்கவில்லை. வீட்டில் உருளைக்கிழங்கை முறைத்துக்கொண்டே தின்றார். இரண்டு பேரும் உப்பை நீட்டும்போதுகூடப் பேசவில்லை என்று பக்கத்து வீட்டு ஹால்வார் சொன்னான். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது. ஆனால் நானும் ஊர்க்காரன்தானே, வாயைத் திறக்கவில்லை.

மே பதினேழு விடிந்தது. எல்லாக் கம்பத்திலும் கொடி. ஊரே வெள்ளி ஊக்குகள் மின்னும் விழா உடையில் ஊர்வலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் துறையைத் தாண்டித்தான் போக வேண்டும். சரியாக அந்த நேரத்தில் ஸ்வைனுங் தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போர்கில்டைத் தள்ளுவண்டியில் வைத்துத் தண்ணீரில் இறக்கினார்.

மிதந்தாள். பிறகு, இடுக்குகளிலிருந்து தண்ணீர் கம்பி கம்பியாக உள்ளே வந்தது. ஸ்வைனுங் கணுக்கால் நனைய நின்றுகொண்டு, அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக ஊர் நடுவே கத்தினார்.

"எவன்டா என் தக்கையைப் புடுங்கினது?"

விழா உடைகள் எல்லாம் அப்படியே நின்றன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் ஹால்வார் மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"ரெண்டு மூணு தடவை நான்தான். மழைத்தண்ணி நிக்குதே, பாவம், வயசாகி மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"நானும்தான்," என்றாள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் யோரூன். முகம் சிவந்துவிட்டது. "நாயோட நடக்கறப்ப. போர்வையும் என்னுதுதான். அசந்து தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்ப மனசு வரல."

இன்னும் நாலைந்து கைகள் எழுந்தன. சங்கத்தின் பொருளாளர்கூட.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? ஒருத்தராவது சொல்லக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானே," என்றான் ஹால்வார்.

தண்ணீர் முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊர்வலத்தின் மேளம் தொலைவில் கேட்டது.

ஹால்வார் கோட்டைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு வாளியோடு உள்ளே இறங்கினான். யோரூன் கம்பளிப் பாவாடையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். நான் என் தயிர் டப்பாவிலிருந்து தண்ணீர் இறைக்கும் குவளையைக் கொண்டுவந்தேன். பொருளாளரிடம் தொப்பி இருந்தது, அதைக்கொண்டு இறைத்தார். ஸ்வைனுங் எஞ்சினில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினார். ஒன்றுமில்லை. மறுபடி சுழற்றினார். எஞ்சின் ஒரு தடவை இருமியது, புகைக்குழாயிலிருந்து எதுவோ பறந்துபோய் ஹால்வாரின் வெள்ளைச் சட்டையில் அப்பிக்கொண்டது. எலி புகாமல் இருக்க இலையுதிர்காலத்தில் அவர் அடைத்து வைத்த கம்பளிக் காலுறை. ஒவ்வொரு ஆண்டும் அடைப்பார், ஒவ்வொரு ஆண்டும் மறப்பார். டுக், டுக், டுக் என்று போர்கில்ட் பேச ஆரம்பித்தாள்.

ஊர்த்துறையில் ஊர்வலம் இன்னும் கலையவில்லை. பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு நின்றுகொண்டிருந்தார்கள். விழா உடுப்பில் ஒரு படகு நிறைய ஆட்கள் வாளி வாளியாகக் கடலைக் கடலுக்கே திருப்பி ஊற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்து, தங்களுக்காகத்தான் நாங்கள் வேடிக்கை காட்டுகிறோம் என்று நினைத்து ஹுர்ரா போட்டார்கள். சில்யே சிரித்துக்கொண்டே அளவுநாடாவைப் பைக்குள் போட்டாள். ஸ்வைனுங் கண் கலங்கிவிட்டார். புகை என்றார்.

தொர்டிஸ் துறை விளிம்பில் நின்று கயிற்றைப் பிடித்துக் கட்டினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"உன் போர்கில்ட் ரொம்ப அழுவுறா போல."

"வலது கண்ணுல மட்டும்தான்," என்றார் ஸ்வைனுங்.

அப்போதுதான் நாங்களும் கவனித்தோம். இறைத்த தண்ணீர் எல்லாம் வலது பக்கத்திலிருந்து வந்தது. அவர் குனிந்து இடது பக்கப் பலகைகளைக் கையால் தடவிக்கொண்டே போனார். இடுக்கு ஒவ்வொன்றும் இறுக மூடியிருந்தது. பாறையைப் பார்த்து நின்ற பக்கம், பெயின்ட் காயாத பக்கம். கிழவர் தடவிய கை அப்படியே நின்றது.

"தொர்டிஸ்."

"ம்."

"இந்தப் பக்கம் யாரோ வெளியில இருந்து தண்ணி ஊத்தியிருக்காங்க. தினமும்."

அவள் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டினாள். அது முதலிலேயே ஒழுங்காகத்தான் இருந்தது.

"காலையில அடுமனைக்குப் போற வழிதானே," என்றாள். "நாலு வாளி ஊத்தினா என்ன கொறஞ்சா போகும்."

"போர்கில்டுக்கா? நீயா?" அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நான் என்னவெல்லாம் நெனச்சேன் தெரியுமா? சரி, ஊத்தினதுதான் ஊத்தினே, வலது பக்கமும் ஊத்தியிருக்கக் கூடாதா? நாங்க இப்படி முங்கி முங்கி வந்திருக்க வேண்டாமே."

தொர்டிஸ் தலையைத் திருப்பி அவரை ஒரு முறை முறைத்தாள்.

"அந்தப் பக்கம் பாதை போகுது. யாராவது பாத்திருந்தா?"