ஜல்லியில் சிக்கிய மேதை

யார் வீட்டுப் பொம்மை ரயிலைப் பார்த்தாலும் மூக்கைச் சுளிப்பதுதான் அவருடைய முழுநேர வேலை. காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்ததெல்லாம் சும்மா பகுதிநேரம். மச்சினன் போட்ட தண்டவாளத்தைப் பார்த்து, “இது ஜல்லியா, கோழித் தீவனமா?” என்று பொம்மை ரயில் சங்கத்தில் எல்லார் முன்னாலும் கேட்ட புண்ணியவான். இன்று மாலை அதே சங்கம் அவர் வீட்டுக்கு வருகிறது, ஜல்லி போடும் லட்சணத்தைக் கற்றுக்கொள்ள.

மேதை என்ன செய்தார்? மேஜைமேல் போட்ட ரயில்பாதையில் தடம் பிரியும் இடத்தில், இப்படியும் அப்படியும் நகர வேண்டிய தண்டவாள முனைகளுக்கு அடியிலும் குண்டூசித் தலையளவு கற்களைக் கொட்டிப் பசையைத் தாராளமாக விட்டுவிட்டார். விடிந்து பார்த்தால் உடும்புப்பிடி. ரயில் நேரே போகும். ஸ்டேஷன் பக்கம் திரும்பாது. கத்தியால் நெம்பினார். தண்டவாளத்தைத் தாங்கும் குட்டிக் கட்டை இரண்டு பெயர்ந்து கையோடு வந்தது.

“தம்பியைக் கேளுங்களேன்,” என்றாள் மனைவி.

“அவனையா? அதுக்கு இந்த மேஜையையே விறகாக்கிடலாம்.”

“அதைத்தானே காலையிலேர்ந்து பண்றீங்க!” அவளே போன் போட்டு ஸ்பீக்கரையும் தட்டிவிட்டாள்.

“வெந்நீரைச் சொட்டுச் சொட்டா விட்டு ஊறவைக்கச் சொல்லுக்கா,” என்றான் தம்பி. “பசை இளகினதும் பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சா கல்லு தானா வந்துடும். கத்தி பக்கமே போகக் கூடாது. ஆமா, யாருக்கு இந்தக் கதி?”

மேதை கைகூப்பிக் கண்ணால் கெஞ்சினார்.

“பக்கத்து வீட்டுக்காரர்டா.”

“பாவம். அத்தான்கிட்ட யோசனை கேட்டிருப்பாரு.”

மாலையில் ரயில் சமர்த்தாகத் திரும்பியது. கைதட்டல். “முனைக்கு அடியில பசை விடற அறிவாளிங்களும் உலகத்துல இருக்காங்க,” என்றார் மேதை, மச்சினனைப் பார்த்துக்கொண்டே. வெட்கம் என்பது அவர் வாங்காத பாலிசி.

மச்சினன் குனிந்து ஜல்லியைத் தொட்டான். விரலில் ஈரம். கட்டைகளில் கத்திக் கீறல். நிமிர்ந்து, “அத்தானையே சங்கத்துக்கு ஜல்லி ஆலோசகரா போட்டுடுவோம்,” என்றான். எல்லாரும் கை தூக்கினார்கள்.

“ஏண்டா அவரை ஏத்திவிடறே?” என்று அக்கா காதைக் கடித்தாள்.

“இனிமே எவனுக்கு ஒட்டிக்கிட்டாலும் இவருக்குத்தானே போன் வரும்? பேசட்டும்.”

அதற்குள் ஒருவர் ஆலோசகரின் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், எங்க வீட்டுல பசை ஜல்லிக்குள்ள இறங்காம மேலேயே முத்து முத்தா உருண்டு நிக்குது. என்ன பண்ணலாம்?”

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். கண்கள் மச்சினனைத் தேடின. அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.