மகளின் பெயரில் இருந்த போன்

சட்டை பெரியவர்களிடமிருந்து சின்னவர்களுக்கு இறங்கும். செல்போன் எங்கள் வீட்டில் தலைகீழ். மகளுக்குப் புதுசு வாங்கினால், அவளுடைய பழசு அம்மாவுக்குப் போகும். கை மாறினாலும் உள்ளே பதிந்த பெயர் மாறாது. இந்தச் சின்ன விஷயம் என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியது. கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு வைஃபை போட்டுக்கொடுத்தவர் சொல்லித்தந்தபடி ரவுட்டரில் இணைந்திருக்கும் போன்களின் பட்டியலைத் திறந்தேன். மகளின் பெயர் இருந்தது. தடை செய்தேன். சொன்னால் வீட்டில் பஞ்சாயத்து கூடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளே அவள் புத்தகமும் கையுமாக இருந்தாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

என் மனைவிக்கு ஒரே தங்கை. கல்வராயன் மலையில், கரியாலூரில் குடியிருக்கிறாள். எங்கள் புதுமனை விழாவில் தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனவள், இரண்டு வருடம் பேசவில்லை. அந்தப் பொங்கலுக்குத்தான் இருவரும் வாட்ஸ்அப்பில் மறுபடி பேச ஆரம்பித்திருந்தார்கள். அவள் வீட்டில் டவர் எடுக்காது, வைஃபை மட்டும்தான். என் மனைவியின் போனிலும் நெட் பேக் கிடையாது, எங்கள் வீட்டு வைஃபைதான். “ஒரு மாசம் தாங்குமா?” என்று நான் சிரித்தேன்.

சோறு வடிக்கும்போதும் போனைப் பக்கத்தில் வைத்திருந்த மனைவி, ஒருநாள் அதை அலமாரியில் போட்டுவிட்டாள்.

“இன்னா, தங்கச்சி பேசறதில்லியா?”

“அவளுக்கு வேல ஜாஸ்தி.”

நான் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் மகள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு வைஃபை வருதா?”

“வராம இன்னாப்பா?”

நான் அடைத்தது அவள் அம்மாவுக்குக் கொடுத்த பழைய போனை. அவசரமாகத் தடையை நீக்கி, அலமாரியிலிருந்த போனை எடுத்து சார்ஜ் போட்டேன். வரிசையாக மணி அடித்தது. எல்லாம் தங்கையின் குரல் பதிவுகள். மனைவி நின்றபடியே கேட்டாள். கடைசிப் பதிவு இது: “அக்கா, நான் இன்னா தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லிடு. அப்பறம் பேசாமயே இருந்துக்க.”

“அவதான் என்ன பிளாக் பண்ணிட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றாள் மனைவி.

நான் செய்ததைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. எனக்கு வெட்கம் வந்தால் கோபமும் கூடவே வரும்.

“போன் வேல செய்யலன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?”

அவள் தங்கைக்கு அழைப்புப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“கேட்டா சிரிப்பீங்க.”

சிரித்துத்தான் இருப்பேன். முதல் மணியிலேயே தங்கை எடுத்துவிட்டாள்.