எல்லை தாண்டிய தேன்

ஆக்லாந்தில் இருப்பவர்களுக்கு எல்லை என்றால் விமான நிலையம்தான். சுற்றிலும் கடல். இன்னொரு நாட்டுக்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டே போவது எப்படி இருக்கும்? கோடு போட்டிருப்பார்களா? புல்லின் நிறம் மாறுமா? எங்கள் பக்கத்து ஹில்ஸ்பரோ மேட்டில் சைக்கிள் மிதித்து மூச்சு வாங்கும்போதெல்லாம் என் கணவரிடம் இதையே கேட்பேன். நான் மதுரை, அவர் யாழ்ப்பாணம்.

"ஏன் உயிரை வாங்குறீர்? போய்ப் பாப்பம்" என்றார் ஒருநாள். அப்படித்தான், இங்கே குளிர் நடுக்கிய ஒரு ஜூலையில், ஐம்பதைத் தாண்டிய நாங்கள் இருவரும் பிரான்சிலிருந்து ஸ்பெயினுக்குப் பிரனீஸ் மலையைச் சைக்கிளில் கடக்கப் போனோம்.

அவருக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போடுகிறவர். மிதிக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்பதால் பையில் பாதி தின்பண்டம்தான். வாழைப்பழம், ஆப்பிள், ரொட்டி, முந்திரி, விடுதியில் கொடுத்த குட்டித் தேன் பாக்கெட்டுகள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணி நேரம் ஏறியபின் எல்லைக்கு இரண்டு கிலோமீட்டர் என்று ஒரு பலகை வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த ஆக்லாந்துக்காரி விழித்துக்கொண்டாள். முதன்முதலில் ஆக்லாந்தில் வந்து இறங்கியபோது, பெட்டியில் இருந்த ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்காக என்னை ஓரமாக நிறுத்தி அபராதம் போட்டார்கள். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. பழம், தேன், டயரில் ஒட்டிய மண் எதுவும் எல்லை தாண்டக் கூடாது என்பது எனக்கு வேதவாக்கு.

"நிறுத்துங்க. எல்லாத்தையும் இங்கேயே சாப்பிட்டு முடிச்சிரணும்."

"இது ஐரோப்பா. இஞ்ச ஆர் பாக்கப் போகினம்?"

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நின்னது நான்தானே? ரூல்ஸ்னா ரூல்ஸ்."

அவர் வாழைப்பழம், ரொட்டி, முந்திரி எல்லாவற்றையும் தின்று முடித்தார். அவ்வளவு தின்றதால் இன்சுலினையும் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டார். ஆப்பிளை அங்கே மேய்ந்த ஒரு குதிரைக்குக் கொடுத்தேன். தேனையெல்லாம் குப்பைத் தொட்டியில் போடச் சொல்லிவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் நான்கு டயரையும் தேய்த்தேன்.

உச்சியில் கதவும் இல்லை, காவலும் இல்லை. எண் பொறித்த ஒரு கல் மட்டும் நின்றது. இரண்டு பக்கமும் ஒரே புல். ஒரு குதிரை முன்னங்கால் ஸ்பெயினிலும் பின்னங்கால் பிரான்சிலுமாக நின்று லத்தி போட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் கல்லைச் சுற்றி ஆறு தடவை நாடு மாறினேன். அவ்வளவு சந்தோஷம். அவர் கல்லின் மேல் கை வைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

இறக்கம் முடிந்து வந்த முதல் ஊரில் கடை பூட்டியிருந்தது. இரண்டாவது ஊரிலும் அப்படித்தான். அங்கே அவர் சைக்கிள் தள்ளாடியது. இறங்கி நடைபாதையில் உட்கார்ந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது, கை நடுங்கியது. என்ன செய்கிறது என்று கேட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். ஓடிப்போய் நான்கு வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒருவரும் திறக்கவில்லை. அவருடைய உயிரை நானே குப்பையில் போடச் சொல்லியிருந்தேன்.

திரும்பி வந்தபோது சீட்டுக்குக் கீழே தொங்கிய சின்னப் பையைக் காட்டி, "டியூப்... உள்ள பாரும்" என்றார். மடித்து வைத்த மாற்று டியூபுக்குள் இரண்டு தேன் பாக்கெட்டுகள் இருந்தன. ஒன்றைப் பிய்த்து அவர் வாயில் பிழிந்தேன். கால் மணி நேரத்தில் பார்வை தெளிந்தது.

"எப்ப ஒளிச்சு வச்சீங்க?"

"நீர் டயருக்குப் பல்லுத் தேய்ச்சுக்கொண்டு இருக்கேக்க" என்று சிரித்தார். "நான் சோதனைச் சாவடியளுக்குள்ள வளந்தவன். சண்டைக் காலத்தில, தடை செய்திருந்த பற்றறியச் சைக்கிள் ஹாண்டிலுக்குள்ள ஒளிச்சுக் கொண்டு வந்தனாங்கள். எல்லை எண்டால் என்ர கை தன்ர பாட்டில ஒளிக்கும்."

இரண்டாவதையும் பிய்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்டு காணும். மற்றது உமக்கெண்டு எடுத்தது. நீரும் காலமை துவங்கி மிதிக்கிறீர்."

அந்தத் தேனை வாயில் வைத்துக்கொண்டு, பேர் தெரியாத ஊரின் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன்.