உப்பும் மஞ்சளும் தடவிய கோழி

அன்று ஆரணிக்குப் பக்கத்தில் எங்கள் மாட்டாஸ்பத்திரியில் இருந்தவர்கள்: டாக்டரம்மா. கம்பவுண்டர். போளூர் ரோட்டிலிருந்து சினை மாட்டோடு வந்த ஒருவர். தறிக்குப் பாவு போடுகிற அக்கா. அட்டெண்டர் வேலையில் நான். அக்கா கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் செத்த கோழி.

அக்காவின் தெருக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தோம். ஒவ்வொன்றையும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன். ஒரு மாதம் போகவில்லை, கழுத்து திருகிக்கொண்டு சாக ஆரம்பித்தன. ஊசிதான் கொன்றது என்று தெருவெல்லாம் பேச்சு. டாக்டரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. இது வேறு வைரஸாக இருக்கலாம், இல்லை அதுவே ஊசிக்கு அடங்காமல் மாறியிருக்கலாம் என்றார். சென்னை ஆய்வகத்தில் அந்த வைரஸைக் கோழிமுட்டைக்குள் விட்டு வளர்த்துப் பார்த்தால்தான் தெரியுமாம். அதற்கு அப்போதுதான் செத்த கோழி வேண்டும், முழுசாக, கெடாமல். வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் கோழி தலையைத் தொங்கப் போட்டால் சாகும்வரை விடமாட்டார்கள். அறுத்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். நாங்கள் போகிற இடத்தில் எல்லாம் இறகுதான் கிடந்தது. அக்கா மட்டும் டாக்டரம்மா சொன்னதற்காக அறுக்காமல் விட்டார்.

டாக்டரம்மா பையைப் பிரித்தார். கோழியின் வயிறு கீறியிருந்தது. உள்ளே உப்பும் மஞ்சளும்.

“கெட்டுப்பூடக் கூடாதுன்னு சொன்னீங்களேம்மா. ஃப்ரிட்ஜுல வச்சா வூட்டுக்காரரு கத்துவாரு. அதான் கருவாடு மாதிரி பதம் பண்ணிகினு வந்தேன்.”

“மொளகாத்தூளும் போட்டிருந்தீன்னா சென்னைக்காரங்க வறுத்தே தின்னுருப்பாங்கக்கா” என்றார் கம்பவுண்டர். மாட்டுக்காரர் சிரித்தார்.

“குடல் எங்கம்மா?” என்றார் டாக்டரம்மா.

“நாய்க்குப் போட்டுட்டேங்க.”

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “தலையாவது இருக்குது. அனுப்பிப் பாப்போம்” என்றார். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் சென்னை பஸ்ஸில் போனேன். உப்பு ஏறியது சோதனைக்கு லாயக்கில்லை என்று பதில் வந்தது. அதற்குள் தெருவில் சாவதற்குக் கோழியே மிச்சமில்லை.

அக்கா மேல் கோபப்பட முடியவில்லை. நாங்கள் சொன்னதைத்தான் செய்தார், அவருக்குத் தெரிந்த விதத்தில். கோபத்தைக் கொண்டுபோய் வைக்க வேறு இடமும் எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மாவுக்கு மாறுதல் வந்தது. கிளம்பும்போது, “ஊசி மேல தப்பு இல்லன்னு அந்த ஜனங்களுக்கு என்னால சொல்ல முடியலையேப்பா” என்றார். அப்படிச் சொல்ல ஒரு சான்று, அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதுவும் கிடைக்கவில்லை.

இப்போதும் கோழி ஊசி முகாமுக்கு முந்தின நாள் அந்தத் தெருவில் நான்தான் சொல்லிக்கொண்டு போகிறேன். அக்கா மறுபடி கோழி வைத்திருக்கிறார். பாவு நூலை இழுத்துக்கொண்டே கேட்கிறார்: “அன்னைக்கு எது கொன்னுச்சுன்னு கண்டுபுடிச்சிட்டீங்களா?”

“இல்லக்கா.”

“அப்ப போங்க.”

இந்த முறை தெருவிலிருந்து முகாமுக்கு வந்த கோழிகள் மொத்தமே ஆறு.