மாமா விடச் சொன்ன மட்ஸ்

பாடத்தைக் கைவிடும் படிவம் மஞ்சள் நிறம். பெற்றோருக்கான கோட்டில் மாமாவின் கையெழுத்து ஏற்கனவே இருந்தது. ரொறொன்ரோவின் மோர்னிங்சைட் பகுதியில் நான் படித்த பள்ளியின் ஆலோசகர் அதன் கீழே தன் பெயரைக் கிறுக்க அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. கடைசி வருடம் படிக்கிற பெண், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறவள், எதற்காகக் கணக்கை விடுகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. அந்த மனிதரில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் மாமாவில் இருப்பதோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

மாமா அம்மாவின் தம்பி. அப்பா இல்லாத எங்களை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுத்தவர், ஆகவே எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைக்கு பயோ, அதாவது உயிரியல், படித்தவர். அங்கே பயோ பிரிவில் இருக்கிறவர்களுக்குக் கணக்குப் பாடம் கிடையாது. ரொறொன்ரோவிலும் அப்படித்தான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

"பயோ செய்யிற பிள்ளைக்கு மட்ஸ் என்னத்துக்கு? அது இஞ்சினியருக்குப் போற ஆக்களின்ர பாடம். உந்த மட்ஸை விட்டுப்போட்டு பயோவைப் பிடி."

"இங்க கல்குலஸ் கேப்பினமாம் மாமா, கூட்டாளி சொன்னவள்."

"உன்ர கூட்டாளியோ ஏ.எல். எடுத்தவள்?"

எண்பத்தேழு புள்ளி எடுத்துக்கொண்டிருந்த கல்குலஸ் கணக்குப் பாடத்தை விட்டேன்.

மே மாதம் மெல்லிய உறையில் பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்தது. உயிரியல் படிக்க கல்குலஸ் கட்டாயம், ஆகவே இடமில்லை. மாமா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மறுநாளே வேலைக்கு லீவு போட்டு என்னைப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. எங்கே போனாலும் மொழிபெயர்ப்பது என் வேலை.

அங்கே இருந்த பெண் என் புள்ளிகளைப் பார்த்து உண்மையாகவே கவலைப்பட்டார். யாராவது பிழையாக வழிகாட்டியிருந்தால் அதை எழுதித் தரச் சொன்னார், மறுபடி பரிசீலிக்கக் கேட்டுப் பார்க்கலாமாம். எனக்கு உயிர் வந்தது. மாமாவுக்குச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"நீயாத்தான் விட்டனி எண்டு சொல்லு. மானம் போகுது."

சொன்னேன். பதினெட்டு வயதில், அம்மாவின் தம்பிக்காக, நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் கோப்பை மூடினார்.

அடுத்த வருடம் கல்குலஸ் படித்து உள்ளே போய்விட்டேன். இன்று மருந்தாளர். வீணாய்ப்போன அந்த ஒரு வருடத்தைக்கூட மறந்திருப்பேன். ஆனால் மாமாவுக்குத் தான் சொல்லித் தந்த பொய் உண்மையாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரௌவ்வில் நகரத்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் என் மகளிடம், "படிப்பில விளையாடாத பிள்ளை. கொம்மா மட்ஸை விட்டுப்போட்டு ஒரு வருசத்தைத் துலைச்சவ" என்று சொல்லிச் சிரித்தார்.

"பொய் சொல்லாதேங்கோ மாமா," என்றேன். "நீங்கள்தான் விடச் சொன்னனீங்கள்."

மாமா கோப்பையைத் தள்ளி வைத்தார். அம்மா என் கையைப் பிடித்து, "வயசு போன மனுசன். விடு பிள்ளை," என்றார்.

இந்த முறை நான் விடவில்லை.